எட்டுக் கோரா, நாலரை கிகாஹெர்ட்ஸா? முதலில் புரொசசரின் முழு எண்ணை அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாசகர் பக்கத்தில் இரண்டு கிழமையாக நடக்கிற கொம்பியூட்டர் சண்டையை நானும் விடாமல் வாசிக்கிறேன். உரும்பிராயில் இருந்து எழுதியவர், கோர் (கொம்பியூட்டரின் மூளையான புரொசசர் சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதி) கூடக் கூட வேகம் கூடும், ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளைக்கு வாங்குவதென்றால் எட்டுக் கோருக்குக் கீழே இறங்கவே கூடாது என்கிறார். அவருக்குப் பதில் எழுதிய சாவகச்சேரிக்காரர், அதெல்லாம் விளம்பரக் கதை, கிகாஹெர்ட்ஸ்தான் வேகம், நாலரைக்கு மேலே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. ஆனால் அந்தப் பாதியை மட்டும் நம்பிக் கடைக்குப் போகிறவர் முழுப் பிழையான பெட்டியோடு வீட்டுக்கு வரலாம். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் பத்திரிகை மேலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடப்போவதில்லை.

நான் கொக்குவிலில் கொம்பியூட்டர் திருத்துகிறவன். விற்பதில்லை, அதனால் யார் எதை வாங்கினாலும் எனக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை. வாங்கிய பிறகு “அண்ணை, புதுசுதான், ஆனா இழுக்குது” என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களைத்தான் எனக்குத் தெரியும், அப்படிக் கனபேர் வருகிறார்கள்.

முதலில் கிகாஹெர்ட்ஸ். ஒரு விநாடியில் அந்தச் சில்லு எத்தனை தரம் துடிக்கிறது என்ற கணக்கு அது, 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 கோடித் துடிப்பு. சாவகச்சேரிக்காரர் இதுவரை சரி. அவர் சொல்லாமல் விட்டது, ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது சில்லுக்குச் சில்லு வேறுபடும், அது எந்தப் பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்காது. வயது போனவர்களுக்கு இன்டெல் கம்பனியின் பெண்டியம் 4 சில்லு ஞாபகம் இருக்கும். அந்த வரிசை 10 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் என்றெல்லாம் அந்தக் காலத்தில் கதைத்தார்கள். கடைசியில் 3.8 இல் நின்றுபோனது. 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் வரும் என்று சொல்லியிருந்த இன்டெல் 2004 ஒக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. பெரிய தடையாக இருந்தது சூடு. துடிப்பைக் கூட்ட வேண்டுமென்றால் வழக்கமாக வோல்டேஜையும் கூட்ட வேண்டும், மின்பாவனையோ துடிப்போடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது, ஆகத் துடிப்பிலும் வோல்டேஜிலும் பத்துப் பத்து வீதம் கூட்டினால் மின்பாவனை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். அந்த மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும், வேறு வழி இல்லை.

பிறகு 2006 இல் இன்டெலின் கோர் 2 டுவோ வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். அது 3.8 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 ஐத் தூக்கி எறிந்தது, இரண்டு கோர் இருந்தபடியால் மட்டுமல்ல, ஒரே ஒரு கோரை வைத்துச் செய்கிற வேலையிலும் கூட. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை முடிந்தது, அவ்வளவுதான். கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் அந்த வருடம் பழையதை அல்லவா வாங்கியிருப்போம்?

அதற்குப் பிறகும் துடிப்பு பெரிதாக ஏறவில்லை. 2024 இல் வந்த இன்டெலின் ஐ9-14900கேஎஸ் 6.2 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது, அதுவும் கொதிக்கக் கொதிக்க. இருபது வருடத்தில் 3.8 இல் இருந்து 6.2, இரட்டிப்புக் கூட இல்லை. துடிப்பைக் கூட்ட முடியாமல் போனபடியால்தான் கம்பனிகள் கோரைக் கூட்டத் தொடங்கின. இதை உரும்பிராய்க்காரர் கவனிக்க வேண்டும்: இத்தனை கோர் நமக்குத் தேவை என்று யாரோ அளந்து பார்த்துவிட்டுக் கூட்டியதல்ல அது.

கோர் கூடினால் வேகம் கூடுமா? வேலையைப் பங்கு போட முடிந்தால் கூடும். வெங்காயம் நடுகிற நாளில் பத்துப் பேர் வந்தால் மத்தியானத்துக்கு முதல் நடுகை முடியும், ஆனால் ஒரு பம்பும் ஒரு வாய்க்காலும் இருக்கிற தோட்டத்தில் தண்ணி மாறுவதற்குப் பத்துப் பேர் நின்று என்ன செய்வது, ஒருவர் மாற ஒன்பது பேர் வரம்பில் நிற்பார்கள். இதைக் கணக்காகவே எழுதியவர் கொம்பியூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால், 1967 இல். ஒரு வேலையில் பாதியைத்தான் பங்கு போடலாம் என்றால், ஆயிரம் கோரைப் பூட்டினாலும் அந்த வேலை இரண்டு மடங்குக்கு மேல் விரைவாகாது. பத்தில் ஒன்பது பங்கைப் பிரிக்க முடிந்தால் கூட, நாலு கோரில் மூன்று மடங்கு, எட்டுக் கோரில் நாலே முக்கால் மடங்கு போலத்தான் வரும். எட்டுக் கோர், எட்டு மடங்கு என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் கொப்பியில் போட்டுப் பார்க்கலாம்.

நல்லூர்ப் பக்கம் வீட்டுப் பிளான் கீறுகிற தம்பி ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டுச் சனத்துக்குக் கட்டுகிற மாடிவீடுகள், பிரதேச சபை அனுமதிக்குக் கொடுக்கிற பிளான்கள் என்று ஒட்டோகாட்டில்தான் அவருடைய சீவியம். பழைய இயந்திரம் இழுக்கிறது என்று ஒரு கடையில் கேட்க, கொழும்பில் இருந்து இறக்கிய பாவித்த சேர்வர் (கம்பனிகளில் ஓடுகிற பெரிய கொம்பியூட்டர்) ஒன்றை அவருடைய தலையில் கட்டிவிட்டார்கள். உள்ளே இன்டெலின் சியோன் இ5-2650 சில்லு இரண்டு, மொத்தம் 16 கோர், 32 திரெட் (இந்தச் சில்லில் ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசையை ஓட்டும், அந்த வரிசைதான் திரெட்). இதற்கு மேலே யாழ்ப்பாணத்தில் சாமான் இல்லை என்று சொன்னார்களாம். கோர் கணக்கில் பார்த்தால் பொய்யில்லை. ஆனால் அந்தச் சில்லு 2012 இல் வந்தது, அடிப்படை வேகம் 2.0, ஆகக் கூடினால் 2.8.

என்னிடம் கொண்டுவந்தபோது அவருடைய பெரிய பிளான் ஒன்றைத் திறந்து, கொம்பியூட்டர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மானேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரீஜென் (படத்தைத் திரும்பக் கீறு என்ற கட்டளை) கொடுத்துப் பார்த்தோம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அந்தப் பக்கம் சிபியு (புரொசசர்) பாவனை மூன்று வீதம், சிலவேளை நாலு. தம்பி சிரிக்கிறார், “மூண்டு வீதம்தானே அண்ணை, மெசினுக்கு வேலையே இல்லை, பிறகேன் நிக்குது?” 100 ஐ 32 ஆல் வகுத்தால் மூன்று சொச்சம் வரும். ஒரே ஒரு திரெட் முழுமூச்சாக ஓடுகிறது, மற்ற முப்பத்தொன்றும் சும்மா இருக்கின்றன. ஒட்டோகாட் பெரும்பாலும் ஒற்றைத் திரெட்டில் ஓடுகிற மென்பொருள், தயாரித்த கம்பனியே அதைச் சொல்கிறது. அதே பிளானை என் மேசையில் இருந்த, இன்டெல் ஐ3-12100 சில்லு உள்ள கொம்பியூட்டரில் திறந்தோம், நாலே நாலு கோர், ஆனால் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், தலைமுறையும் பத்து வருடம் புதிது. பாதிக்கும் குறைந்த நேரத்தில் முடிந்தது. தம்பி பிறகு சிரிக்கவில்லை.

இந்த மூன்று வீதக் கணக்கை எல்லோரும் வீட்டில் பார்க்கலாம், காசு இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மானேஜர் வரும், பெர்ஃபோமன்ஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள், அங்கே உங்கள் இயந்திரத்தில் எத்தனை திரெட் என்று எழுதியிருக்கும், லொஜிக்கல் புரொசசர்ஸ் என்ற இடத்தில். 100 ஐ அந்த எண்ணால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்களைக் காக்க வைக்கிற வேலை எதுவோ அதைச் செய்யுங்கள். பாவனை அந்த வகுத்த எண்ணுக்குக் கிட்டவே நின்றால் உங்களுக்கு வேண்டியது வேகமான கோர், கூடுதல் கோர் அல்ல. 80, 90, 100 என்று போய் அங்கேயே நின்றால் உரும்பிராய்க்காரர் சொல்வது உங்களுக்குச் சரி. இரண்டும் இல்லாமல், சிபியு சும்மா இருக்க மெமரி 90 வீதத்துக்கு மேலே நின்றாலோ டிஸ்க் 100 இல் நின்றாலோ புரொசசரையே மாற்றத் தேவையில்லை, மெமரிக்கு ராம் போடுங்கள், டிஸ்க்குக்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான வகை) போடுங்கள். என்னிடம் இழுக்குது என்று வருகிறவற்றில் கூடுதலானவை இந்தக் கடைசி வகைதான். ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிற கொம்பியூட்டருக்கு என்ன புரொசசர் போட்டாலும் என்ன.

இனி ஸ்டூடியோக்காரர்கள். நம் ஊரில் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று மூன்று கமரா நாலு கமரா வைத்து 4கே இல் எடுத்து, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் டிரெயிலர் அனுப்புகிற அளவுக்கு அந்தத் தொழில் வளர்ந்திருக்கிறது. இவர்களுக்குக் கோர் தேவை. நீளமான வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ணுவது நன்றாகப் பங்கு போடக்கூடிய வேலை, பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளில் சிபியுவை வைத்து ரெண்டர் பண்ணுவது (படத்தை உருவாக்கி எடுப்பது) அதைவிட நன்றாகப் பிரியும், கோருக்கு ஒரு துண்டாகக் கொடுத்துவிடலாம். நல்லூர்த் தம்பியின் சேர்வர் பிளெண்டரில் என்னுடைய ஐ3 ஐ முந்தவும் கூடும், என்ன, அதன் இரண்டு சியோனும் தலைக்கு 95 வாட், ஐ3 மொத்தமே 60 வாட். மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆனால் ஸ்டூடியோக்காரர்களுக்கும் கோர் எண்ணிக்கை முழுக்கதை இல்லை. இப்போது வருகிற சோனி கமராக்கள் பல நிற விபரம் கூடிய 10 பிட், 4:2:2 என்ற வகையில், எச்.265 என்ற சுருக்கும் முறையில் பதிகின்றன. அந்தக் கோப்பை வீடியோ வெட்டுகிற பிரீமியர் புரோவில் போட்டு ஓட்டிப் பார்த்தால் நல்ல கோர் உள்ள இயந்திரமும் தடக்கித் தடக்கி ஓடும். இன்டெலின் 11ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த சில்லுகளில், உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் பகுதி இந்த வகையை நேரடியாகப் பிரித்துக் கொடுக்கும், குவிக் சிங்க் என்று பெயர். அந்தக் கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாத சில்லும் விற்பனைக்கு இருக்கிறது, சில்லின் மாதிரி எண்ணின் கடைசியில் எஃப் என்று ஒரு எழுத்து மட்டும் கூட இருக்கும். ஐ5-12400 இலும் ஐ5-12400எஃப் இலும் அதே ஆறு கோர், அதே 4.4 கிகாஹெர்ட்ஸ். எஃப் கொஞ்சம் மலிவு. கேம் விளையாடுகிற பெடியன் தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் போடுவான், அவனுக்கு எஃப் நல்ல லாபம். கலியாண வீடியோ வெட்டுகிறவர் அந்தச் சின்ன மிச்சத்துக்கு ஆசைப்பட்டால் பெரும்பாலும் ஒவ்வொரு நாளும் தடக்கலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கோரும் வேகமும் ஒன்றேயான இரண்டு சில்லு, ஒரு எழுத்தில் தொழிலே மாறிப்போகிறது. இதை உங்கள் விளம்பரத்தில் எங்கே பார்ப்பது?

அல்பம் டிசைன் பண்ணுகிறவர்களுக்கு போட்டோஷொப்தான், அது பெரும்பாலான வேலையில் ஒரு சில கோரைத்தான் பாவிக்கும், அவர்கள் வேகத்தையும் ராமையும் பார்க்கட்டும். கணக்கு எழுதுகிற கடைகள், லெட்டர் டைப் பண்ணுகிற இடங்கள், இவர்கள் இந்தச் சண்டைக்குள் வரவே தேவையில்லை.

கேம் விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு கதை. இன்டெலின் போட்டிக் கம்பனியான ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ் எட்டுக் கோர், 4.7 கிகாஹெர்ட்ஸ். 2022 இல் வந்த 5800எக்ஸ்3டி அதே எட்டுக் கோர், வேகம் குறைவு, 4.5. கேமில் வென்றது இரண்டாவது. உள்ளே இருக்கிற கேஷ் நினைவகம் (சில்லுக்குள்ளேயே உள்ள வேகமான சின்ன மெமரி) 32 எம்பியில் இருந்து 96 எம்பியாக ஏறியிருந்தது. கோர் சமம், கிகாஹெர்ட்ஸ் குறைவு, ஆனாலும் முன்னுக்கு. உரும்பிராயும் சாவகச்சேரியும் சேர்ந்து தோற்ற இடம் இது.

லப்டொப்புக்கு வருகிறேன், கூடுதலாகக் காசு போகிற இடம் இதுதான். நம் பத்திரிகைகளில் வருகிற விளம்பரம் இப்படி இருக்கும்: “ஐ7, 10 கோர், 4.7 கிகாஹெர்ட்ஸ், விசேட விலைக்கழிவு”. பக்கத்தில் இன்னொன்று, “ஐ5, 8 கோர், 4.4 கிகாஹெர்ட்ஸ்”. கோரிலும் முதலாவது கூட, வேகத்திலும் முதலாவது கூட, பெயரிலும் கூட. யாரைக் கேட்டாலும் முதலாவதை எடு என்பார்கள். இப்போது முழு எண்ணைப் போடுவோம். முதலாவது ஐ7-1255யு, இரண்டாவது ஐ5-12450எச் என்று வையுங்கள். அந்த 10 கோரில் பெரிய கோர் இரண்டுதான், மிச்சம் எட்டும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற சின்னக் கோர்கள், 4.7 என்பது அந்த இரண்டு பெரிய கோருக்கு மட்டும், சின்னவை 3.5 க்கு மேலே போகாது. ஐ5 இல் பெரிய கோர் நாலு, சின்னது நாலு. திரெட் இரண்டிலும் 12. அதைவிட முக்கியம், யு என்று முடிவது 15 வாட்டுக்கு வடிவமைத்தது, எச் என்று முடிவது 45 வாட்டுக்கு. ஒரு வேர்ட் கோப்பைத் திறக்கிற நேரத்துக்கு ஐ7 சுறுசுறுப்பாக இருக்கும், பற்றரியும் கூட நேரம் நிற்கும், பையில் கொண்டு திரிகிறவருக்கு அது நல்லதே. அரை மணித்தியாலம் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் ஐ5 முந்தும். இரண்டு எண்ணும் கூட இருந்த சில்லு பின்னுக்கு நிற்கிறது, கடைக்காரர் சொன்ன எண் ஒன்றும் பொய்யும் இல்லை.

2021 கடைசியில் 12ஆம் தலைமுறையோடுதான் இன்டெல் இப்படிப் பெரிய கோரையும் சின்னக் கோரையும் பரவலாகக் கலக்கத் தொடங்கியது, அதற்குப் பிறகு கோர் எண்ணிக்கையை ஒற்றை எண்ணாகச் சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை. எட்டுக் கோர் மோகம் நமக்குப் போனில் இருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். மலிவு அண்ட்ரொய்ட் போன்களில் சின்னஞ்சிறு கோர் எட்டைப் போட்டு ஒக்டா கோர் என்று விற்ற காலத்தில், 2015 இல் வந்த ஐபோன் 6எஸ் இரண்டே கோரோடு அவற்றை முந்தி ஓடியது.

ஏஎம்டி பக்கம் போனால் வேறு விளையாட்டு. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. பத்து எண் வித்தியாசம், ஏதோ ஒரு படிதான் என்று தோன்றும். முதலாவது நாலு கோர், உள்ளே இருப்பது 2019 இல் வந்த சென் 2 வடிவமைப்பு. இரண்டாவது ஆறு கோர், சென் 3. அந்த 7000 வரிசை லப்டொப் எண்களில் மூன்றாவது இலக்கம்தான் எந்தக் காலத்து வடிவமைப்பு என்பதைச் சொல்லும், 2 என்றால் சென் 2, 3 என்றால் சென் 3, 4 என்றால் சென் 4. முன்னுக்கு இருக்கிற 7 வெறும் வருடக் கணக்கு. “ரைசன் 5, புதுசு” என்று மட்டும் விளம்பரத்தில் இருந்தால் இரண்டில் எது என்று எந்தச் சாத்திரியாலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, நம் ஊர் வெயில். பெட்டியில் போடுகிற பெரிய கிகாஹெர்ட்ஸ் எப்போதும் “இதுவரை போகும்” என்ற எண். ஒன்றிரண்டு கோருக்கு, கொஞ்ச நேரத்துக்கு, சூடு இடம் கொடுத்தால். குளிர் நாட்டில் ஏசி அறையில் வைத்து யூடியூப்பில் அளந்து காட்டுகிறவரின் அறையும், சித்திரை மாதத்தில் சீற் கூரைக்குக் கீழே இருக்கிற நம் அறையும் ஒன்றல்ல, அறை பத்துப் பாகை கூடச் சூடாக இருந்தால் சில்லுக்கு மூச்சுவிட இருக்கிற இடைவெளியில் பத்துப் பாகை போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேலே தூசி. சோளகம் தொடங்கினால் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்து லப்டொப்களைக் கழற்றும்போது ஃபானுக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடையில் செம்மண் கம்பளி போலப் படிந்திருக்கும், நகத்தால் உரித்து எடுக்கலாம். அதை எடுத்துவிட்டு சூட்டைக் கடத்துகிற தேர்மல் பேஸ்ட் புதிதாகப் பூசிக் கொடுத்தால், வாங்கிய புதுதில் ஓடினது போல ஓடுது என்கிறார்கள். ஓடும்தான், சூட்டுக்குப் பயந்து பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த சில்லு அது. 4.7 க்குக் காசு கொடுத்துவிட்டு 2 இல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் ஊரில் கனபேர். மெத்தையில் வைத்துப் பாவிக்கிற பிள்ளைகளைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

பாவித்த சாமான் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 க்குப் போனதில் இருந்து பாதிச் சனம் அந்தப் பக்கம்தான் போகிறது, பிழை சொல்ல முடியாது. “ஐ7 டெஸ்க்டொப், நாலு கோர், 3.4 கிகாஹெர்ட்ஸ், மலிவு” என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஐ7-2600 ஆகவோ ஐ7-4770 ஆகவோ இருக்கும். முதலாவது 2011, இரண்டாவது 2013. ஐ7-2600 ஐயும் 2022 இல் வந்த ஐ3-12100 ஐயும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் நாலு கோர், எட்டுத் திரெட், அடிப்படை வேகமும் 3.4 க்கு 3.3 என்று கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் ஒற்றைக் கோர் வேலையில் ஐ3 ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். ஐ7 என்ற பெயருக்கு ஐ3 ஐ விடக் கூடக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஐ மைக்ரோசொஃப்ட் முறைப்படி ஏற்றுக்கொள்வது பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறை, ரைசன் 2000 வரிசை, அதற்குப் பிறகு வந்தவற்றில். ஆகப் பாவித்த இன்டெல் டெஸ்க்டொப் வாங்கினாலும் எண் எட்டாயிரத்துக்கு மேலே தொடங்குகிறதா என்று பாருங்கள், ஐ5-8500 மாதிரி. ஆறு கோர், 4.1 வரை போகும், வீட்டுப் பாவனைக்கும் பள்ளிக்கூட வேலைக்கும் இன்னும் தாராளம்.

கனடாவில் இருந்து வருகிற சித்தப்பாவிடம் “நல்ல ஐ7 ஒண்டு கொண்டு வாங்கோ” என்று சொல்கிறவர்களும் இதைக் கேட்க வேண்டும். அவருக்கும் தெரியாது, அங்கே கடையில் விலைக்கழிவில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு வருவார். முழு எண்ணை எழுதி அனுப்புங்கள்.

சரி, உரும்பிராய்க்காரரின் பிள்ளை. ஏ.எல்லில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) செய்கிறது என்று எழுதியிருந்தார். பாடத்திட்டத்தில் இருக்கிற பைதன் எழுத எந்தச் சில்லும் போதும், அதுவும் பிள்ளைகள் சாதாரணமாக எழுதுகிற பைதன் நிரல் ஒரே கோரில்தான் ஓடும், எட்டுக் கோர் இருந்தால் ஏழு சும்மா இருக்கும். கையில் இருக்கிற காசுக்கு, புதிய தலைமுறையில் பெரிய கோர் நாலோ ஆறோ உள்ள ஒன்று, 16 ஜிபி ராம், அதையும் எட்டு எட்டாக இரண்டு துண்டாக, ஒரு நல்ல எஸ்எஸ்டி. மிச்சக் காசுக்கு யூபிஎஸ் ஒன்று வாங்கட்டும். பிள்ளை பிறகு பொறியியல் பீடத்துக்கோ வேறு எங்கேயோ போய் இயந்திரக் கற்றல் அது இது என்று தொடங்கினால் அப்போது தேவைப்படுவது கிராபிக்ஸ் கார்ட், எட்டுக் கோர் அங்கேயும் முதற்கேள்வி இல்லை.

இப்போது உங்கள் மேல் உள்ள குறை. காணி விளம்பரம் வந்தால் எத்தனை பரப்பு, உறுதி இருக்கிறதா, பாதை எத்தனை அடி என்று போடுகிறீர்கள். வாகன விளம்பரத்தில் வருடம் போடுகிறீர்கள். கொம்பியூட்டர் விளம்பரத்தில் மட்டும் “ஐ7”, “ரைசன்”, “10 கோர்” என்று போட்டுவிட்டு பக்கத்தில் ஒரு நட்சத்திரம். வாங்குகிறவர் வீட்டில் இருந்தே எண்ணைத் தேடிப் பார்த்து ஒப்பிடலாம், அந்த எண் இருந்தால். உங்கள் விளம்பரப் பிரிவு கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒரு வரிதான்: புரொசசரின் முழு எண் கடைசி எழுத்தோடு சேர்த்து, ராம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா, புதியதா பாவித்ததா, உத்தரவாதம் எத்தனை மாதம். எழுத்துக்குக் கணக்குப் பார்த்து காசு வாங்குகிறீர்கள் என்றால் அந்த வரியை இலவசமாகப் போடுங்கள். நேர்மையாக விற்கிற கடைகள் நம் ஊரில் நிறைய இருக்கின்றன, அவர்கள் மறுக்கப் போவதில்லை. மறுக்கிறவர் ஏன் மறுக்கிறார் என்று வாசகர் தாங்களே விளங்கிக்கொள்வார்கள்.

சாவகச்சேரிக்காரர் பதில் எழுதுவதாக இருந்தால் தன்னுடைய இயந்திரத்தின் முழு எண்ணையும் சேர்த்து எழுதட்டும், அதை வைத்துக் கதைப்போம்.

இப்படிக்கு,
கொக்குவிலில் இருந்து ஒரு வாசகன்